பத்தடிக் கோலும் ஏழு பக்கக் கதையும்

லேக் ஜெனீவா என்றதும் ஸ்விட்சர்லாந்துக்குப் போய்விட வேண்டாம். இது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஏரிக்கரை ஊர். மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம். கோடை வந்தால் சிகாகோப் பணக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். சூயிங்கம் விற்றே கோடீஸ்வரர்களான ரிக்லி குடும்பம் உட்படப் பலர் அந்தக் காலத்திலேயே கரையைச் சுற்றி மாளிகை கட்டிக்கொண்டார்கள். நாங்கள் போனது மார்ச் மாதக் கடைசியில். படகும் இல்லை, பணக்காரர்களும் இல்லை. வயல்களில் அறுத்த மக்காச்சோளத் தட்டையும், சாலையோரம் கரைய மறுத்துக் கிடந்த அழுக்குப் பனியும்தான்.

இந்த ஊரிலிருந்துதான் 1974 ஜனவரியில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மரப்பலகை போலத் தெரியும் தாள் ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள், விலை 10 டாலர். அச்சடித்தது 1000 பிரதிகள். ஆடுவதற்குப் பகடை வேண்டும். ஆனால் பெட்டிக்குள் பகடை கிடையாது, தனியாகத் தேடி வாங்க வேண்டும். எழுதியவர்கள் இருவர்: இந்த ஊர்க்காரரான கேரி கைகாக்ஸ், பக்கத்து மினசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னசன். வெளியிட ஆள் கிடைக்காமல், கைகாக்ஸ் தன் பால்ய சிநேகிதர் டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கினார். சிகாகோவில் பார்த்த இன்ஷூரன்ஸ் வேலை போய், வீட்டுக் கீழ்த்தளத்தில் ஷூ பழுது பார்த்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது, ஜெயித்தவர், தோற்றவர் என்ற கணக்கும் கிடையாது. ஒருவர் 'டஞ்சன் மாஸ்டர்', சுருக்கமாக டி.எம். அவர் ஓர் உலகத்தை வாயால் சொல்கிறார்: எதிரே இரும்புக் கதவு, அதன் அடியில் வெளிச்சம் கசிகிறது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். வீரன், மந்திரவாதி, திருடன். என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்ல, நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். நான்கு மணி நேரத்தில் முடியும் ஆட்டமும் உண்டு. நாற்பது வருஷமாக முடியாத ஆட்டமும் உண்டு.

என் அக்கா மகளுக்கு இதில் பைத்தியம். சிகாகோ புறநகரில் பிறந்து வளர்ந்தவள், வயது இருபதுகளில். வண்டி ஓட்டிக்கொண்டே தன் மந்திரவாதினியின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அம்மா இல்லை, கூடப் பிறந்த தம்பியை ஒரு பிசாசிடம் அடகு வைத்துவிட்டாள், அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் மந்திரமே கற்றாள். இப்படி ஏழு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்.

"இதெல்லாம் ஆட்டத்துல எப்ப நடந்தது?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆடவே ஆரம்பிக்கல மாமா. இது பேக்ஸ்டோரி."

நாங்கள் போனது 'கேரி கான்' என்ற கூட்டத்துக்கு. 2008 மார்ச் 4 அன்று கைகாக்ஸ் இறந்தார். அடக்கம் முடிந்தபின் வந்திருந்தவர்கள் உள்ளூர் அமெரிக்கன் லீஜன் மண்டபத்தில் கூடி, அவர் நினைவாக உட்கார்ந்து ஆடினார்கள். அதுவே அடுத்த வருஷத்திலிருந்து ஆண்டு விழாவாகிவிட்டது. மகன் லூக் கைகாக்ஸ் நடத்துகிறார். இப்போது நடக்கும் இடம் ஊருக்கு வெளியே உள்ள கிராண்ட் ஜெனீவா ஹோட்டல். அந்தக் கட்டடத்துக்கும் ஒரு பூர்வாசிரமம் உண்டு: 1968இல் பிளேபாய் கிளப்பாகத் திறந்தது. 'ஜென் கான்' என்ற விளையாட்டு மாநாட்டை கைகாக்ஸ் முதன்முதலில் ஊருக்குள் நடத்தியதும் அதே 1968இல்தான். 1977இல் அந்த மாநாடே இந்த பிளேபாய் விடுதிக்கு வந்து நடந்திருக்கிறது. முயல் காது வைத்த பணிப்பெண்களும், கையில் பகடையோடு திரிந்த கணக்குப் புலிகளும் ஒரே கூரையின் கீழ் எப்படிச் சமாளித்தார்கள் என்று யாராவது நாவல் எழுத வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் வயதுகள் கலந்து கிடப்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. காதில் கருவி மாட்டிய வெண்தாடிக்காரர்கள், வெளுத்துப்போன கறுப்பு டி-ஷர்ட்டில். தலையில் பிசாசுக் கொம்பு மாட்டிய நீல முடிப் பெண்கள். அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பொடியன்கள். எல்லோரும் ஆடுவது ஒரே ஆட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அக்கா மகள் முதலில் பெயர் கொடுத்திருந்தது ஒரு பழைய பாணி மேஜைக்கு. 1970களின் விதிகள், 1970களின் டி.எம். எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கு எதிரே அவர் வயதுக்காரர்கள் இருவர், ஓர் அப்பாவும் பன்னிரண்டு வயதுப் பையனும், இவள். நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். டி.எம். ஆளுக்கொரு சின்ன அட்டையைத் தள்ளினார். அதில் ஆறு எண்கள், ஒரு வாள், ஒரு கவசம், கொஞ்சம் பொற்காசு. அவ்வளவுதான் பாத்திரம்.

"இவனுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்டாள்.

"முதல் லெவலைத் தாண்டட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம்" என்றார் அவர்.

சுரங்கம் தொடங்கியது. பெரியவர்களில் ஒருவர் கட்டம் போட்ட தாளில் வரைபடம் போட்டார், டி.எம். 'வடக்கே முப்பது அடி, பிறகு கிழக்கே திருப்பம்' என்று சொல்லச் சொல்லப் பென்சில் ஓடியது. இன்னொருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசினார். அவர் கையில், அதாவது அவருடைய பாத்திரத்தின் கையில், பத்தடி நீள மரக்கோல். எதையும் அதனால் தட்டிப் பார்க்காமல் அடி எடுத்து வைக்கவில்லை. தரையைத் தட்டினார், சுவரைத் தட்டினார், கூரையைக்கூடத் தட்டினார். எத்தனை தீப்பந்தம் மிச்சம் என்று பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கு வைத்தார்கள். என் அக்கா மகளுக்குப் பொறுமை போனது. ஓர் அறையில் பூட்டிய பெட்டி இருந்தது.

"நான் திறக்கிறேன்" என்றாள்.

மேஜை அமைதியானது. பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எப்படித் திறக்கிறாய்?" என்றார் டி.எம்.

"கையாலதான்."

"கோலால தள்ளித் திறங்க!" என்று அந்தப் பையன் கத்தினான். நேரம் கடந்துவிட்டது.

பூட்டிலிருந்து ஓர் ஊசி, ஊசியில் விஷம். இருபது முகப் பகடையை உருட்டினாள். பிழைக்க 14 வேண்டும், விழுந்தது 6. "செத்துவிட்டான்" என்று சொல்லிக்கொண்டே டி.எம். அடுத்த அட்டையை அவள் பக்கம் தள்ளினார். குரலில் கொடுமையும் இல்லை, இரக்கமும் இல்லை. அவள் பழகிய இன்றைய விதிகளில் சாவது அத்தனை சுலபமில்லை. உடம்பின் புள்ளிகள் பூஜ்யத்துக்கு வந்தபின்னும் சுற்றுக்குச் சுற்று பகடை உருட்டி உயிரைப் பிடித்து வைக்கலாம். அதற்குள் கூட்டாளி ஒருவன் ஓடிவந்து காப்பாற்றிவிடுவான். இங்கே ஒரே உருட்டு.

இடைவேளையில் காபி வாங்கிக்கொண்டு அந்த ஆசிரியரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் போர் விளையாட்டிலிருந்து இதற்கு வந்தவர். ஈயப் பொம்மைகளை மேஜைமேல் அணிவகுத்து நெப்போலியன் சண்டைகளை ஆடிய கூட்டம் அது. "ஒரு சாயங்காலத்தில் ஐந்நூறு பேரை இழப்போம். ஒருத்தன் செத்தான் என்று அழ முடியுமா?" என்றார். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு வெட்டுப்பட்டால் நாம் அழுவதில்லை. அடுத்த ஆட்டைக் காப்பாற்றத்தான் பார்ப்போம். இவர்களுக்குப் பாத்திரம் என்பது அந்தக் கல்தான். திறமை ஆடுபவருடையது, அட்டையில் எழுதியிருப்பதல்ல. 1975இல் பால்டிமோர் நகரில் 'ஒரிஜின்ஸ்' மாநாட்டுக்காக கைகாக்ஸ் கொண்டுபோன 'டூம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறையில், சுவரில் வாய் பிளந்த ஒரு பச்சைப் பிசாசு முகம் உண்டு. வாய்க்குள் இருட்டு. அது வழி என்று நினைத்து நுழைந்தவன் இல்லாமலே போய்விடுவான். உருட்டிப் பிழைக்கவும் வாய்ப்புத் தரப்படுவதில்லை. அந்த வாய்க்குள் போய்ச் செத்ததைச் சொல்லும்போது அந்த ஆசிரியரின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சட்டைப்பையிலிருந்து பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்றை எடுத்துக் கையில் கவிழ்த்தார். பகடைகள். மெத்தென்ற மட்டமான பிளாஸ்டிக். முனைகள் எல்லாம் தேய்ந்து, இருபது முகப் பகடை ஏறக்குறையக் கோலிக்குண்டாகியிருந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை இரண்டு முறை பொறித்திருக்கிறது; ஒன்றா பதினொன்றா என்று தெரிய ஒரு பாதிக்குச் சிவப்பும் மறு பாதிக்குக் கறுப்புமாகக் கிரேயான் மெழுகைத் தேய்த்து அப்பியிருந்தார். அந்த நாளில் கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடங்களுக்குக் கணிதச் சாமான் விற்ற ஒரு கம்பெனியிடமிருந்துதான் டி.எஸ்.ஆர். இவற்றை வாங்கி விற்றது. என் அக்கா மகளின் பையில் இருந்தவை பிசினில் வார்த்தவை, உள்ளே தங்கத் துகள் மிதக்கும். அவள் அவருடையதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தாள். தன்னுடையதைக் காட்டவில்லை.

மதியம் ஊருக்குள் நடந்தோம். கைகாக்ஸ் குடியிருந்த சென்டர் தெரு 330ஆம் எண் வீடு சின்ன வெள்ளை வீடு. இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் எதிர்ச்சாரியில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, பிராட் தெருவில், ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால். அதற்கும் கதவெண் 330தான். 1968இல் முதல் ஜென் கானுக்காக கைகாக்ஸ் இந்த மண்டபத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்தார்.

அந்த வெள்ளை வீட்டின் முன் நின்றபோது, கோலால் தட்டிப் பார்ப்பது பழசு, நடிப்பும் கதையும் புதுசு என்று ஹோட்டலில் கேட்ட பேச்சின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. 1972 கடைசியில் டேவ் ஆர்னசன் மினசோட்டாவிலிருந்து காரில் இங்கே வந்துதான் தன் 'பிளாக்மூர்' ஆட்டத்தை கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். அதற்கு விதை போட்டவர் அவர் நண்பர் டேவிட் வெஸ்லி. 1969இல் வெஸ்லி ஒரு நெப்போலியன் சண்டையை ஏற்பாடு செய்தார். 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை ஊர். சண்டை தொடங்குமுன் சும்மா இருக்கட்டும் என்று சிலருக்கு மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று வேஷம் கொடுத்தார். அவர்கள் ஆளுக்கொரு மூலையில் போய் ரகசியம் பேசி, சதி செய்து, பொய் சொல்லி, கடைசிவரை சண்டைக்கே வரவில்லை. ஆட்டம் பாழ் என்று நினைத்தார் வெஸ்லி. ஆடியவர்களோ எப்போது மறுபடி என்று நச்சரித்தார்கள். ஆக, நடிப்பும் கதையும் இளசுகள் கொண்டுவந்த வியாதி இல்லை. ஆட்டம் பிறக்கும் முன்பே மினசோட்டாவில் இருந்தது அது. 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற சிற்றிதழில், ஆட்டம் என்பது அறிவுப் பரீட்சையா, வேஷம் கட்டுவதா என்று அப்போதே சண்டை போட்டிருக்கிறார்கள். ஜான் பீட்டர்சன் 2020இல் எழுதிய 'தி எலூசிவ் ஷிஃப்ட்' நூல் முழுவதும் அந்தப் பழஞ்சண்டையின் வரலாறுதான்.

எனக்குத் தோன்றியது இது: வயது இங்கே இரண்டாம் பட்சம். எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பதுதான் ஆளைத் தீர்மானிக்கிறது. ஈயப் பொம்மை வழியாக வந்தவர் ஒரு மாதிரி, அண்ணன் சொல்லிக்கொடுத்து வந்தவர் ஒரு மாதிரி. என் அக்கா மகள் வந்தது திரை வழியாக. 2015 மார்ச்சில் 'கிரிட்டிக்கல் ரோல்' தொடங்கியது. டப்பிங் கலைஞர்கள் கூடி உட்கார்ந்து ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டிய நிகழ்ச்சி. அதில் டி.எம்.மாக இருந்த மேத்யூ மெர்சர் ஆளுக்கொரு குரலில் பேசுவார், ஆடுபவர்கள் நிஜமாகவே அழுவார்கள். 2023இல் லண்டன் வெம்ப்ளி அரங்கத்தில் கூட்டம் நிறைய இதை மேடையில் ஆடிக் காட்டினார்கள். பார்த்துப் பார்த்து ஆட்டத்துக்கு வந்த ஒருத்தி, பார்க்கத்தக்க ஒரு பாத்திரத்தோடு வராமல் வேறு எப்படி வருவாள்?

மறுநாள் காலைச் சாப்பாட்டில் இதற்கு எதிர்பாராத சாட்சி கிடைத்தது. டோக்கியோவிலிருந்து வந்த, ஐம்பதை நெருங்கும் ஒருவர் எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். ஜப்பானில் இந்த நேரலைக் கதையெல்லாம் எப்போதோ நடந்து முடிந்தது என்றார். 1986இல் 'காம்ப்டிக்' என்ற கணினி விளையாட்டு இதழ், ஒரு குழு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியதை நாடக வசனம் போல எழுதித் தொடராக வெளியிட்டது. 'ரீப்ளே' என்று பெயர். ர்யோ மிசுனோ டி.எம்.; கதை நடந்த தீவின் பெயர் லோடோஸ். அது நாவலாகி, அனிமேஷனாகி, நாடே படித்தது. அந்தக் கதையின் அழகியான எல்ஃப் பெண் டீட்லிட்டை முதலில் ஆடியவர் ஹிரோஷி யாமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். இப்படி, ஆட்டத்தைப் படித்துவிட்டு ஆட வந்த தலைமுறை ஜப்பானில் அமெரிக்காவுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்பே உருவாகிவிட்டது. இன்று அங்கே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைவிட 'கால் ஆஃப் க்துலு'தான் கொடி கட்டிப் பறக்கிறது. 1981இல் அமெரிக்காவில் சாண்டி பீட்டர்சன் எழுதிய திகில் ஆட்டம். ஒரு கதையை ஒருமுறைதான் ஆடலாம். முடிவை வெளியே சொல்வது பெரும் குற்றம். ஆளுக்கொரு ரகசியச் சீட்டு. ஆடுபவர்களில் இளம்பெண்கள் ஏராளம். தன் மகள் தன்னைக் கிழவன் என்று சொல்லி மேஜையில் சேர்ப்பதில்லை என்று சிரித்தார்.

பக்கத்து மேஜையிலிருந்த ஜெர்மன்காரருக்கு வாசல் வேறு: பொம்மைக் கடை. 1984இல் உல்ரிச் கீசோவ் எழுதிய 'தஸ் ஷ்வார்ட்ஸெ ஆவ்கெ' என்ற ஆட்டத்தைச் சாதாரண வீட்டு விளையாட்டுகள் விற்கும் ஷ்மிட் கம்பெனி வெளியிட்டதால், பையன்களுக்கு அது கிறிஸ்துமஸ் பரிசாகவே வந்து சேர்ந்தது. அந்த ஆட்டத்தின் உலகமான அவெண்ட்டூரியனுக்கு என்று ஒரு செய்தித்தாள்கூட வருகிறது. எந்த அரசி முடி சூடினாள், எந்த நகரம் வீழ்ந்தது என்று அதில் அச்சாகும். அமெரிக்காவில் ஒவ்வொரு டி.எம்.மும் தன் உலகத்துக்குத் தானே கடவுள். ஜெர்மனியில் எல்லோருக்கும் ஒரே உலகம், ஒரே சரித்திரம். தவறாகச் சொன்னால் மேஜையிலேயே திருத்துவார்களாம்.

விற்பனை அரங்கில் பழம்புத்தகக் கடைகள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஆரஞ்சு அட்டை போட்ட 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்'. டி.எஸ்.ஆரின் முதல் பெண் வடிவமைப்பாளரான ஜீன் வெல்ஸ் எழுதியது. 1980களின் தொடக்கத்தில் படங்கள் பிடிக்கவில்லை என்று வெளிவந்த சூட்டோடு திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்த சில பிரதிகளுக்குத்தான் இன்று இந்த விலை. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"மாமா, இங்க வாங்க! முருகனுக்கு ஹிட் பாயிண்ட்ஸ்!"

1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்'. இந்தியப் புராணம் என்று ஓர் அத்தியாயம். இந்திரன், அக்னி, வருணன், யமன், காளி, விஷ்ணு, கார்த்திகேயன். ஒவ்வொருவருக்கும் கவச எண், உயிர்ப் புள்ளி, எத்தனை அடி அடிப்பார் என்ற கணக்கு. கடைக்காரருக்கு அறுபது இருக்கும். வருணன் என்ற பெயரையே பதினைந்து வயதில் இந்தப் பக்கத்தில்தான் முதலில் படித்தேன் என்றார்; அங்கிருந்து நூலகத்துக்குப் போய் ரிக் வேத மொழிபெயர்ப்பை எடுத்தாராம். என் அக்கா மகளுக்கோ கோபமும் சிரிப்பும் கலந்து வந்தன. "நம்ம சாமிய அடிச்சுக் கொல்றதுக்கு நம்பர் போட்டிருக்காங்க. இவர் அத லைப்ரரிங்கிறார்." இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவ'லில் ராட்சசனும் உண்டு. டேவ் டிராம்பியர் வரைந்த படம்: புலித் தலை, வீட்டு அங்கி, வாயில் புகைக்குழாய், சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். இந்த விதி நம் புராணம் எதிலும் இல்லை. 'கோல்சாக்' என்ற டி.வி. தொடரில் 1974இல் வந்த ஓர் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. அந்தக் கதை நடப்பது சிகாகோவில். இலங்கையிலிருந்து புறப்பட்ட ராட்சசன் சிகாகோ டி.வி. வழியாக விஸ்கான்சின் வந்து பைப் பிடிக்கிறான். இன்றைய தலைமுறை இந்த இரவல் வேலையைக் கேள்வி கேட்கிறது. 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டாடல்' தொகுப்பில் அந்தந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்களையே எழுதச் சொன்னார்கள். வங்காளச் சாயலில் ஒரு கதையைக் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதினார். எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. ஆனாலும் பைப் பிடிக்கும் அந்த ராட்சசனை வெறுக்க முடியவில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறைத் தலைவராக இருந்து உருது கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கரின் கதை அப்படிச் சிரித்துக் கடக்கக்கூடியதல்ல. 1975இல் டி.எஸ்.ஆர். வெளியிட்ட அவருடைய 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்', ஐரோப்பியக் கோட்டை கொத்தளத்தை விட்டு இந்திய, மாயா சாயலில் உலகம் படைத்த முதல் ஆட்டம் என்று கொண்டாடப்பட்டது. 1991இல் புனைபெயரில் வெளிவந்த ஒரு நாஜி ஆதரவு நாவல் அவர் எழுதியதுதான் என்று, அவர் இறந்து பத்து வருஷம் கழித்து 2022இல், அவர் படைப்புகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. அந்த ஆட்டத்தை நாற்பது வருஷம் ஆடிய ஒருவர் இதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இளையவர்கள் ஒரே நாளில் அந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டார்கள். இவரால் முடியவில்லை.

பிற்பகல், அக்கா மகளின் சொந்த மேஜை. இன்றைய விதிகள், இளைய கூட்டம். நடுவே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். தொடங்குமுன் எதெல்லாம் கதையில் வரக்கூடாது என்று ஒரு சுற்றுப் பேசினார்கள். மேஜை நடுவில் பெரிய எக்ஸ் எழுதிய ஓர் அட்டை. யாருக்காவது கதை போகும் போக்கு தாங்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் கதை திரும்பிவிடும். நியூயார்க்கில் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய முறை.

"எங்கள் காலத்தில் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவோம்" என்றார் அந்த மனிதர்.

"எழுந்து போனவங்க யார் யாருன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று ஆங்கிலத்தில், ஆனால் தன் அம்மாவின் குரலில் கேட்டாள் அக்கா மகள். 1978 விதிநூலிலேயே பெண் பாத்திரத்தின் உடல் பலத்துக்கு ஆணைவிடக் குறைவாக ஓர் உச்சவரம்பு அச்சாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். விதிநூல்களைக் கரைத்துக் குடித்தவள்.

இந்த இடத்தில் நான் அவள் பக்கம்தான். ஆனால் அவருடைய தலைமுறையின் தழும்பும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. 1979இல் மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவன் காணாமல் போனபோது, ஆட்டத்தின் மேல் பழி விழுந்தது. மகனைத் தற்கொலையில் பறிகொடுத்த பட்ரீசியா புல்லிங் என்ற தாய் 1983இல் ஆட்டத்துக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். 1985இல் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சியில் கைகாக்ஸே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், பிசாசுகளுக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். இந்த மனிதரின் புத்தகங்களை அவருடைய அம்மா வீட்டுக் கொல்லையில் வைத்து எரித்திருக்கிறார். சாத்தான் வழிபாடு என்று சர்ச்சில் சொன்னார்களாம். இது வரலாம், அது வரக்கூடாது என்று யார் சொன்னாலும் அவருக்கு அந்தப் புகை வாடைதான் அடிக்கிறது. என் அக்காவுக்கு மகள் ஆடுவதில் ஒரே கவலை, மார்க் குறையுமே என்பதுதான்.

ஆட்டம் தொடங்கியது. மந்திரவாதினி தன் தம்பியை நினைத்து அழுதாள். முக்கால் மணி நேரமாக யாரும் கதவு எதையும் திறக்கவில்லை. அந்த மனிதர் தவித்துப்போய், "பிசாசு எங்கே இருக்கிறது? போய் அடித்துத் தம்பியை மீட்டுவிடலாமே" என்றார். இளசுகள் சிரித்தார்கள். டி.எம். பெண் சிரிக்கவில்லை, "இருக்கிறது, கிணற்றுக்குள்" என்றாள். அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. கயிறு எத்தனை அடி, நீரின் ஆழம் என்ன, கல்லைக் கட்டி இறக்கிப் பார்க்கலாமா என்று அவர் கேட்க ஆரம்பித்ததும் மேஜையே முன்னால் சாய்ந்தது. அன்றைய நாளின் நல்ல ஆட்டம் அதுதான்.

சாயங்காலம் அந்தப் பழைய ஆசிரியர் எங்களைத் தேடி வந்தார். கையில் தடித்த ஃபைல். உள்ளே பக்கம் பக்கமாக, தட்டச்சிலும் பேனாவிலும், அவருடைய மேஜையில் செத்தவர்களின் பட்டியல். பெயர், தேதி, இடம், காரணம். 1976இலிருந்து. 'குழியில் விழுந்தார்.' 'நண்பன் போட்ட தீக்குண்டு.' 'பேராசை.' ஏழு பக்கக் கதையை இவரும்தான் எழுதுகிறார். என்ன, ஆள் செத்த பிறகு எழுதுகிறார்.

"நேற்றுப் போனவனுக்குப் பேர் வேண்டும். பேர் இல்லாமல் எழுத மாட்டேன்" என்றார்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்து, "முனியாண்டி" என்றாள். எழுத்துக் கூட்டச் சொன்னார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நிறுத்தி நிதானமாக எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'பெட்டியைக் கையால் திறந்தார்' என்று போட்டார். ஃபைலை மூடிக்கொண்டே, ஏழு மணிக்கு அடுத்த ஆட்டம் இருக்கிறது, உன் இரண்டாவது ஆளிடம் எத்தனை தீப்பந்தம் மிச்சம் என்று கேட்டார். அவள் கணக்கு வைத்திருக்கவில்லை. "அப்படியானால் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்" என்றார்.